நிர்ப்பீடனம் மண்ணின் கொடையன்று

வன்னியைப் பற்றி எழுதுவோரிடத்தும் பேசுவோரிடத்தும் ஒரு கருத்து நெடுங்காலமாக ஊன்றி நிற்கின்றது. பழைய வன்னி மக்கள் காட்டை வென்றனர், யானையை வென்றனர், அவ்வாறே காய்ச்சலையும் வென்றனர். குரக்கனும் தேனும் வேட்டை இறைச்சியும் உண்டு உரமேறிய அவ்வுடல்களை மலேரியாவால் அசைக்க முடியவில்லை. மருந்துக்கும் ஊசிக்கும் பழகிய பின்னைய தலைமுறையே மெலிந்து போயிற்று என்பது அக்கருத்தாகும். நோயை எதிர்த்து நிற்கும் உடலின் ஆற்றலை நிர்ப்பீடனம் என்பர். அந்த நிர்ப்பீடனம் வன்னி மண் தன் மக்களுக்கு அளித்த கொடை என்று சொல்லும்போது மேடைகளிற் கைதட்டல் எழுகின்றது.

கைதட்டலைப் பெறும் இக்கருத்து பிழையானது. இன்றைய வன்னிப் பிள்ளைகளுக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடியதுமாகும். நிர்ப்பீடனம் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் முதுசொம் போன்றதன்று. அது வரவும் செலவும் உடைய ஒரு கணக்கு. வரவு நின்றால் அது தேயும். வரவு வந்த காலத்தில் அதற்கு எவரோ விலை கொடுத்திருப்பர். இக்கணக்கைப் பார்ப்பதற்குரிய கருவி கணிதம். அக்கருவியைத் தொடுவதற்குக் கலைப்பீடத்தினர் பலர் கூசுகின்றனர். கணிதம் மனிதரை வெறும் எண்ணாகச் சுருக்கிவிடும் என அக்கூச்சத்துக்கு நியாயமும் கற்பிக்கின்றனர். மண்பெருமை பேசுவோரின் மயக்கமும் கணிதத்தை ஒதுக்குவோரின் கூச்சமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்றவர் கணக்கும் வீழ்ந்தவர் கணக்கும்

மண்பெருமை பேசுவோரிடம் வலுவான சான்று ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் குன்ற, ஆற்றுப்படுகைக் குழிகளில் நீர் தேங்கிற்று. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அக்குழிகளிற் பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இலும் பரவிய மலேரியா ஏறக்குறைய எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்த உலர்வலயத்திலோ அத்தகைய பேரழிவு நிகழவில்லை. வன்னி அந்த உலர்வலயத்தின் பகுதியே. ஈரவலயத்தார் மாண்டபோது உலர்வலயத்தார் நின்றனர் என்பது உண்மை.

அவர்கள் எவ்வாறு நின்றனர் என்பதே வினா. மலேரியாக் கிருமிக்கு எதிரான நிர்ப்பீடனம் ஒருமுறை வந்தாற் போதும் என்னும் வகையைச் சேர்ந்ததன்று. அம்மை கண்டவர் மீண்டும் அம்மை காண்பது அரிது, மலேரியாவில் அவ்வாறில்லை. பலமுறை தொற்றுற்று, ஒவ்வொரு முறையும் உயிர் தப்பியவரிடத்தே அது சிறிது சிறிதாகச் சேர்கின்றது. சேர்ந்த பின்னரும் அது அரைகுறையானதே. கிருமி குருதியில் இருந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் மாத்திரம் தணிந்திருக்கும். மீண்டும் மீண்டும் தொற்று நிகழாவிடின் சில ஆண்டுகளில் அவ்வாற்றல் குன்றிவிடும். தாயிடமிருந்து குழந்தை பெறும் காப்போ சில மாதங்களுக்கு மேல் நில்லாது. அதன்பின் வரும் ஆண்டுகளிற் குழந்தை காப்பின்றி நிற்கும். அந்த ஆண்டுகளைக் கடந்த பிள்ளையே பிற்காலத்தில் 'காய்ச்சலை வென்ற' முதியவராகின்றது. கடக்காத பிள்ளையைப் பற்றி எவரும் மேடையிற் பேசுவதில்லை.

நின்றவர்களை மாத்திரம் எண்ணுபவர் வீழ்ந்தவர்களை எண்ணுவதில்லை என்பது கணக்கியலின் தொடக்கப் பாடம். ஐம்பது வயதிலும் மண்வெட்டியோடு வயலில் நிற்கும் ஒருவரைக் கண்டு, இவ்வூரார் உரமானவர் என்று முடிவு செய்பவர், அவரோடு பிறந்து ஐந்து வயதுக்கு முன் இறந்த உடன்பிறப்புகளைக் கணக்கில் எடுக்கவில்லை. குடியேற்றக்கால மருத்துவர்கள் ஓர் ஊரின் மலேரியா நிலையை அறியப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தனர். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டு அதனை மண்ணீரல் வீதம் என்றனர். அவர்கள் முதியோரை விட்டுப் பிள்ளைகளைத் தேடியமை கருதத்தக்கது. ஊரின் நிர்ப்பீடனத்துக்கு விலை செலுத்தப்பட்ட இடம் அதுவே.

இன்னொரு சான்றும் உண்டு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலைப் புரட்டுவோர், தேய்ந்த குடித்தொகையையும் கைவிடப்பட்ட ஊர்களையும் தூர்ந்த குளங்களையும் காண்பர். இத்தேய்வுக்குக் காய்ச்சல் ஒன்றையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது. போரும் பஞ்சமும் நீர்ப்பாசனச் சிதைவும் அதிற் பங்குகொண்டன. ஆயினும் மண் தன் மக்களுக்குக் காய்ச்சலை வெல்லும் வரம் கொடுத்திருந்தது என்று பேசுவோர், அந்த வரம் பெற்ற ஊர்கள் ஏன் காடாயின என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். பின்னர் இரணைமடுக்குளத்தின் கீழ்க் கிளிநொச்சியில் நிலம் பெற்று யாழ்ப்பாணத் தீபகற்பத்திலிருந்து வந்த குடியேறிகள் தொடக்க ஆண்டுகளிற் காய்ச்சலால் வாடினர். அவர்களும் அதே குளத்தின் நீரையே குடித்தனர். அதே மண்ணில் விளைந்ததையே உண்டனர். மண்ணே நிர்ப்பீடனம் தருவதாயின் அவர்களுக்கும் அது தந்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு இல்லாதது பல ஆண்டுத் தொற்றின் வரலாறு மாத்திரமே.

அசையாத நீர்மட்டம்

நிர்ப்பீடனம் ஓர் இருப்பு அன்று, இடையறாத ஓட்டம் என்பதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டியது மலேரியா ஆராய்ச்சியன்று, எச்.ஐ.வி. பற்றிய கணித ஆராய்ச்சியே அதனைச் செய்தது. வன்னிக் காய்ச்சலைப் பற்றிய வாதத்தில் எச்.ஐ.வி. எதற்கு எனச் சிலர் வினவலாம். இரு கிருமிகளும் வேறு. பரவும் வழிகளும் வேறு. ஆனால், தோற்றத்தில் அமைதியாயிருக்கும் ஓர் எண்ணுக்கு உள்ளே என்ன நடைபெறுகின்றது என்னும் வினா இரண்டுக்கும் பொது. ஒன்றில் விடை கண்ட முறை மற்றதற்கும் உதவுகின்றது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் உறுதிப்படுத்தப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். அக்காலத்தில் மருத்துவ உலகை மலைக்கவைத்தது அந்நோயின் நீண்ட மௌனமாகும். தொற்றுற்றவர் பத்தாண்டுகள் வரையும் நோய்க்குறியின்றி நடமாடினார். குருதியில் வைரசின் அளவு ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. நிர்ப்பீடனத்தை வழிநடத்தும் சி.டி.4 கலங்களோ மெல்ல மெல்லக் குறைந்தன. வைரசு உறங்குகின்றது, உடல் அதனை அடக்கி வைத்திருக்கின்றது என்று எண்ணுவது இயல்பாயிருந்தது.

இரணைமடுவின் குளக்கட்டில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நீர்மட்டம் நாள்தோறும் ஒரே அளவில் நிற்கின்றது. குளத்துக்கு நீர் வரவுமில்லை, குளத்திலிருந்து போகவுமில்லை என்று அவர் கருதலாம். கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரும் வாய்க்காலிற் பாயும் நீரும் சமமாயிருப்பதனாலும் மட்டம் அசையாதிருக்கலாம். மட்டத்தை மாத்திரம் பார்த்து இவ்விரண்டில் எது உண்மை என்று சொல்ல எவராலும் முடியாது. அறிய வழி ஒன்றே: வரவை அடைத்துவிட்டு மட்டம் எவ்வளவு விரைவில் இறங்குகின்றது எனப் பார்த்தல் வேண்டும்.

1995இல் டேவிட் ஹோவும் அவருடன் கூடி உழைத்தோரும் செய்தது இதுவே. புதிய வைரசு உருவாவதைத் தடுக்கும் மருந்தை இருபது நோயாளருக்குக் கொடுத்து, குருதியில் வைரசின் அளவு நாளுக்கு நாள் வீழ்வதை அளந்தனர். அந்த வீழ்ச்சியின் கோட்டைச் சமன்பாடாக்கியவர்களுள் முதன்மையானவர் அலன் பெரல்சன், உயிர்ப்பௌதிகத்தில் பயின்றவர். 1996இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, நோய்க்குறியே இல்லாத ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவான வைரசுத் துகள்கள் தோன்றி, ஏறத்தாழ அதே அளவு அழிகின்றன. குருதியிலுள்ள வைரசிற் பாதி ஆறு மணி நேரத்தில் அகற்றப்படுகின்றது. தொற்றுற்ற கலம் சராசரியாக இரண்டு நாள்களே வாழ்கின்றது. பத்தாண்டு அமைதி எனக் கருதப்பட்டது பத்தாண்டுக் கடும்போராயிற்று.

இதற்கு வேண்டியிருந்த கணிதம் எளிமையானது. மூன்று வரிகளில் அதனைச் சொல்லலாம். நலமுள்ள கலங்கள் பிறக்கின்றன, இறக்கின்றன, வைரசால் தொற்றுறுகின்றன. தொற்றுற்ற கலங்கள் புதிதாகச் சேர்கின்றன, இறக்கின்றன. வைரசு தொற்றுற்ற கலங்களிலிருந்து வெளிவருகின்றது, உடலால் அகற்றப்படுகின்றது. ஒவ்வொரு வரியும் வரவும் செலவுமே. மார்ட்டின் நோவாக், றொபேட் மே முதலியோர் நான்காவது வரியொன்றைச் சேர்த்தனர்: தொற்றுற்ற கலங்களைத் தேடி அழிக்கும் கொல்கலங்களின் வரி. அதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு பிறந்தது. கொல்கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ப்பீடனத்தின் வலிமையை மதிப்பிட முடியாது. வலிமையான எதிர்ப்பு வைரசைக் குறைக்கும், வைரசு குறைந்தால் எதிர்ப்பைத் தூண்டும் வரவும் குறையும், கொல்கலங்களும் குறையும். ஆகவே கொல்கலங்கள் குறைவாக உள்ள ஓர் உடல் மிக வலியதாயிருக்கலாம், முற்றும் வலியற்றதாயுமிருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உடலைப் பார்த்தவுடன் அதன் உரத்தைச் சொல்லிவிடலாம் என்போர் இம்முடிவை ஆழ்ந்து சிந்தித்தல் நன்று.

இம்மாதிரியுருக்கள் ஏட்டுச்சுரைக்காயாக நின்றுவிடவில்லை. நாளொன்றுக்கு இத்தனை கோடி துகள்கள் உருவாகும்போது, ஒரு மருந்தை எதிர்க்கவல்ல திரிபு எங்கேனும் தோன்றியே தீரும் என்பதைக் கணக்கு காட்டிற்று. தனி மருந்து தோற்கும். ஒரே வேளையில் மூன்று மருந்துகள் வேண்டும் என்னும் சிகிச்சை முறைக்கு அது உறுதியான அடிப்படையாயிற்று. ஒரு காலத்தில் மரண ஓலையாயிருந்த நோய், மருந்து கிடைக்கும் இடங்களில் நெடுங்காலம் வாழத்தக்க நோயாயிற்று.

மாதிரியுரு தவறியதும் உண்டு. மூன்று ஆண்டளவு இடைவிடாது மருந்து கொடுத்தால் வைரசை உடலிலிருந்து முற்றாக நீக்கலாம் என 1997இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. அது பொய்த்தது. நெடுநாள் வாழும் நினைவுக் கலங்களுள் வைரசு உறங்கிக் கிடந்தது. அவ்வுறங்கும் தொகுதி முற்றாகத் தேய அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பது பின்னர் அளந்தறியப்பட்டது. ஆனால் இத்தவறு எவ்வாறு வெளிப்பட்டது? கணிப்பு எண்ணாகச் சொல்லப்பட்டிருந்தமையால் வெளிப்பட்டது. மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டின் முடிவிற் பொய் தெரிந்துவிடும். 'மண்ணின் உரம்' என்னும் வாசகமோ எந்த ஆண்டிலும் பொய்ப்பதில்லை. அதனாலேயே எவருக்கும் உதவுவதுமில்லை.

பதினேழும் ஐந்தரை இலட்சமும்

உடலுக்குள் கலத்திலிருந்து கலத்துக்குத் தொற்று செல்வதும், ஊருக்குள் நோயாளியிலிருந்து நுளம்பு வழியாக மற்றொருவருக்குத் தொற்று செல்வதும் ஒரே கணக்கின் இரு முகங்கள். ஒரு தொற்று சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட புதிய தொற்றை விளைவித்தால் நோய் வளரும். ஒன்றிலும் குறைந்தால் அணையும். 1897இல் செகந்திராபாத்தில் அனோபிலிஸ் நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ரொஸ், 1911இல் வெளிவந்த தமது நூலிற் கணிதத்தின் துணையோடு நிறுவியது இந்த எல்லைக்கோட்டையே. எல்லா நுளம்புகளையும் கொல்ல வேண்டியதில்லை. குறித்த அளவுக்குக் கீழ் குறைத்தாற் போதும் என அவர் காட்டினார். 1957இல் ஜோர்ஜ் மக்டொனால்ட் இதனை மேலும் வளர்த்தார்.

இலங்கையில் இந்த எல்லைக்கோட்டின் இரு புறங்களும் கண்கூடாகக் காணப்பட்டன. 1946 முதல் வீடுகளுக்குள் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. நாட்டின் இறப்பு வீதம் அவ்வாண்டில் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு இறங்கிற்று. அவ்வீழ்ச்சியில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு. மலேரியா சரிந்தது என்பதில் விவாதம் இல்லை. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். தெளிப்பு கைவிடப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968இல் நோய் மீண்டும் கொழுந்துவிட்டது. 1969இல் பதிவான நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று.

பதினேழு எவ்வாறு இலட்சங்களாயிற்று என வியப்போர் ஒரு துண்டுக் காகிதத்தில் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நோயாளி இருவருக்குத் தொற்றை அளிப்பதாகக் கொள்க. பதினேழு முப்பத்துநான்காகும், அறுபத்தெட்டாகும். பதினைந்தாவது இரட்டிப்பில் அது 5,57,056 ஆகும். ஒரு சுற்றுக்குச் சில வாரங்களே போதும். உண்மையான பரவல் இத்துணை ஒழுங்காக நடைபெறுவதில்லை என்பது வெளிப்படை. எனினும் சிறிய எண் பாதுகாப்பான எண் என்னும் நம்பிக்கையை உடைக்க இக்கணக்கு போதுமானது. ஒரு நோயாளி அரைப்பங்கு தொற்றையே விளைவிப்பாராயின் அதே பதினேழு நாலைந்து சுற்றுகளில் அணைந்துவிடும். ஆகவே கவனிக்க வேண்டியது பதினேழு என்னும் தொகையைக் காட்டிலும், அது ஒன்றுக்கு மேலே நின்று பெருக்குகின்றதா, கீழே நின்று தேய்கின்றதா என்பதே. நினைவுக் கலத்துள் உறங்கும் எச்.ஐ.வி.யைப் போலவே விவாக்ஸ் மலேரியாக் கிருமியும் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கவல்லது. குருதிப் பரிசோதனையில் அது தென்படாது. 1963இன் பதினேழில் இவ்வுறக்கம் அடங்கவில்லை.

இந்த எல்லைக்கோட்டோடு நிர்ப்பீடனத்தையும் இணைத்தபோதே வன்னியின் வரலாறு முழுமையாக விளங்குகின்றது. 1982இல் ஜோன் ஆரனும் றொபேட் மேயும் மலேரியாவின் குடித்தொகை இயக்கத்தை ஆராய்ந்தபோது, மீண்டும் மீண்டும் தொற்று நேர்வதனாலேயே நிர்ப்பீடனம் நிலைக்கின்றது என்பதைச் சமன்பாட்டுள் அமைத்தனர். பின்னாளில் எச்.ஐ.வி. பற்றிய கணக்கிற் பங்குகொண்ட அதே மேயே இவர். அவர்கள் மாதிரியுருவின்படி பரவல் குறையும்போது நிர்ப்பீடனமும் தேய்கின்றது. அரைகுறையாகக் குறைத்துவிட்டு நிறுத்தினால் வளர்ந்தோரிடையே நோய் முன்னையிலும் கூடலாம். பழைய வன்னியின் 'உரம்' எத்தகையது என்பது இங்கே தெளிவாகின்றது. ஓயாத தொற்றின் வரவால் நிரம்பி, பிள்ளைச் சாவால் விலை செலுத்தப்பட்டு, தொற்று நின்றவுடன் வற்றிப்போகும் குளம் அது.

இன்று அக்குளம் வற்றியுள்ளது. அது துயரமன்று, பெரும் வெற்றி. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். போர் நிகழ்ந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் அதிற் பெரும்பங்கைச் சுமந்தன. போர் ஓயாத நிலையிலும் நுளம்பு வலைகளையும் தெளிகருவிகளையும் குருதிப் பூச்சுக் கண்ணாடிகளையும் சுமந்து திரிந்த சுகாதார ஊழியர்களின் உழைப்பால், 2008 அளவில் நோயாளர் தொகை ஆயிரத்துக்கும் கீழ் வந்தது. உள்ளூரிலே தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியாவற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

சான்றிதழ் கிடைத்த அதே 2016இல், நகரக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் இந்திய நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. வெளிநாடுகளில் தொற்றுற்றோர் ஆண்டுதோறும் நாட்டுக்குள் வருகின்றனர். அவ்வாறு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியமை 2018இன் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில் அறியப்பட்டு உடன் அடக்கப்பட்டது. வன்னியில் 2012இன் பின் பிறந்த எந்தப் பிள்ளையிடமும் மலேரியாவுக்கெதிரான நிர்ப்பீடனம் இல்லை. மூத்தோரிடம் இருந்ததும் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. நிர்ப்பீடனக் கணக்கில் இன்றைய கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் 1934இன் கேகாலையை ஒத்தவை. 'வன்னியார் காய்ச்சலைத் தாங்குவர்' என்னும் பழம்பெருமை ஒரு தாயின் காதில் விழுந்து, பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்வதை அவள் இரண்டு நாள் தள்ளிப்போட்டால், அப்பெருமைக்கு விலை செலுத்துவது மீண்டும் ஒரு பிள்ளையே.

எண்ணும் மனிதரும்

கணிதம் மனிதரை எண்ணாக்குகின்றது என்னும் குற்றச்சாட்டுக்கு இனி வருவோர் வன்னியை மறந்துவிட்டு வருதல் இயலாது. 2009இன் தொடக்கத்தில் போர்ப்பகுதியில் எத்தனை மக்கள் இருந்தனர் என்பதே உயிர்ப்பிரச்சினையாயிற்று. எழுபதாயிரம் அளவினர் என அரசு கூறியது. போர் முடிந்தபின் வவுனியாவிலும் பிற இடங்களிலும் முகாம்களில் இருந்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். உணவும் மருந்தும் எண்ணைப் பார்த்தே அனுப்பப்படுகின்றன. எண்ணப்பட்டமையால் அம்மக்கள் துன்புறவில்லை. எண்ணாது விடப்பட்டமையால் துன்புற்றனர். மனிதரை எண்ணுவது இழிவு என்று விரிவுரை மண்டபத்தில் வாதிடுவது எளிது. எண்ணிக்கையில் விடுபட்டவரிடம் அவ்வாதத்தைச் சொல்ல முடியாது.

கணிதம் சமூகத்தைக் காணாது என்பதும் தவறு. 1935இல் இலங்கைக் கொள்ளைநோய் பற்றி அறிக்கை எழுதிய சி. ஏ. கில், அதற்கு முன் பஞ்சாபில் மலேரியா வருமுன் அறிவிக்கும் முறையொன்றை வகுத்தவர். அவர் கணக்கில் மழை இருந்தது. மண்ணீரல் வீதம் இருந்தது. அது நிர்ப்பீடனத்தின் அளவுகோல். அவற்றோடு தானியத்தின் விலையும் இருந்தது. பசித்த உடல் காய்ச்சலுக்கு விரைவில் இரையாகும் என்பதைக் குடியேற்ற அரசின் மருத்துவ அதிகாரி ஒருவர் கணக்குக்குள் கொண்டுவந்திருக்கையில், கணிதத்தில் மனிதருக்கு இடமில்லை என்று எவ்வாறு கூற முடியும்? சமன்பாட்டில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது சமூக அறிவினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அவ்வறிவு உடையோர் விலகி நின்றால், விலையும் பசியும் இடப்பெயர்வும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். அக்குறை கணிதத்தின் குறையன்று. விலகி நின்றோரின் குறையாகும்.

மேலும், கணக்கைச் சரிவரப் படித்தவர் மனிதரைப் பழிப்பதற்கு இடமில்லை. இந்தியாவிலிருந்து திரும்பும் அகதியையும், பிழைப்புக்காகக் கடல் கடந்து மீள்பவரையும் நோய் காவிகளாக நோக்கும் மனப்போக்கு எளிதில் வேர்கொள்வது. மக்டொனால்டின் சமன்பாட்டில் நோயாளி எந்த ஊரவர் என்பதற்கு உறுப்பில்லை. நுளம்பின் அடர்த்திக்கு உறுப்புண்டு. அது வாழும் நாளுக்கு உறுப்புண்டு. ஒருவர் எத்தனை நாள் கிருமியைக் குருதியில் வைத்திருக்கின்றார் என்பதற்கு உறுப்புண்டு. காய்ச்சலோடு வந்தவருக்கு அன்றே குருதிப் பரிசோதனை நடைபெற்றால் அந்த நாள்கள் சுருங்கும்; எண் ஒன்றுக்குக் கீழே நிற்கும். டெங்கு என்று கருதி ஒரு வாரம் கடத்தினால் எண் மேலேறும். ஆபத்து வந்தவரில் இல்லை, தாமதத்திலேயே உள்ளது என்பதைச் சமன்பாடு சொல்கின்றது. மனிதநேயம் பேசும் எத்தனை கட்டுரைகள் இதனை இவ்வளவு தெளிவாகச் சொல்லியுள்ளன?

செய்யவேண்டியது வன்னியிலேயே தொடங்கத்தக்கது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிற் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. கணிதம் அறிந்தோர் அங்கு உளர். காலபோக மழை எப்போது குளங்களையும் குழிகளையும் நிரப்புகின்றது, எந்த ஊரார் எந்த மாதத்தில் எங்கே கூலிக்குப் போகின்றனர், காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் செல்கின்றனர், மருத்துவமனைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றை அறிந்தோர் புவியியல், சமூகவியல், வரலாற்றுத் துறைகளில் உளர். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமராதவரை மாதிரியுரு மண்ணை அறியாது. மண்ணைப் பற்றிய எழுத்தும் கணக்கை அறியாது. தமிழில் இக்கணிதத்தைச் சொல்ல முடியாது என்பதும் இனிச் சாட்டாகாது. வரவு, செலவு, பெருக்கம், தேய்வு என்னும் நான்கு சொற்களுள் அதன் சாரம் அடங்கும். அவற்றை வயலில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிவர்.

வன்னி மக்களின் பெருமை அவர்கள் குருதியில் இல்லை. போர் நடுவிலும் காய்ச்சலை எல்லைக்கோட்டுக்குக் கீழே இறக்கிய உழைப்பில் அது உள்ளது. அவ்வுழைப்பு ஓய்ந்தால் எண் மீண்டும் ஏறும் என்பதை 1963 காட்டியுள்ளது. அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு மாறாக உரமேறிய முன்னோரின் கதையைக் கற்பிக்கும் ஆசிரியரும் எழுத்தாளரும் மேடைப் பேச்சாளரும், எந்தப் பிள்ளைகளை முன்னிறுத்தி அக்கதையைச் சொல்கின்றனரோ அந்தப் பிள்ளைகளுக்கே தீங்கிழைக்கின்றனர்.